தோட்டத்தம்மா கழுவி வைத்த தொட்டி

மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, இந்த ரோட்டுல மட்டும் எப்படீங்க இத்தனை ஜெப சபை? துடியலூரு தாண்டுனா போர்டு மேல போர்டா வருது. ரெண்டு மைலு உள்ளார தோட்டங்காட்டுக்குப் போனா ஒண்ணையும் காணோமுங்க."

சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும், என் வெறும் நெற்றியையும் வெறும் கழுத்தையும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாரோ, பதில் சொன்னால் இன்னொரு கேள்வி வருமோ, அதற்குள் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்குமோ என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பெரியநாயக்கன்பாளையம் வந்துவிட்டது. "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் இதைப் படிக்கப்போவதில்லை, அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதலாம்.

நான் ஒன்பதாம் வகுப்புப் பாதியில் நின்றவள். பரீட்சைக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபிறகு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தே பள்ளிக்கூடம் போகவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் வேதக்காரர்கள். ஊர் நடுவில் சிலுவைக் கோபுரம் வைத்த கோயில். என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிப்போய் நெற்றியில் தண்ணீர் தெளித்தார்கள். ஊரில் கிறிஸ்தவராக இருப்பதற்கு யாரும் எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை. மழையும் இல்லை, வேலையும் இல்லை, அது ஒன்றுதான் குறை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா என்னைக் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அவள் ஒரு மோட்டார் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் இருந்தாள். செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி மோட்டாருக்குள் இறக்குகிற வேலை. சூப்பர்வைசர் அவளிடம், "உன்ன மாதிரியே பேசாம வேல பாக்கற புள்ள இன்னொண்ணு இருந்தாக் கூட்டிட்டு வா அம்மணி" என்று சொல்லியிருக்கிறார். பேசாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எனக்குப் பின்னால் சித்தி மகள் வந்தாள், அவளுக்குப் பின்னால் அவள் சிநேகிதி. ஒவ்வொருத்தியும் இறங்கிய பஸ் ஸ்டாப் ஒன்றுதான், தங்கிய லைன் வீடும் ஒன்றுதான். மில்லும் பட்டறையும் அந்த ரோட்டை ஒட்டி இருந்தன, நாங்களும் ரோட்டை ஒட்டியே இருந்தோம். பஸ்ஸில் அவர் கேட்டதற்குப் பாதிப் பதில் இதுதான். உள்ளே தோட்டங்காட்டில் எங்களுக்கு என்ன வேலை இருந்தது?

வீடு கொடுக்கிறவர்களுக்கும் எங்கள் ஆட்கள் மேல் ஒரு பிரியம் இருந்தது. "தண்ணி போடாத ஆளுங்க, வாடகை ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துரும்" என்று ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரரிடம் சொல்லுவார். அடுத்த லைன் வீடும் எங்கள் ஆட்களாகவே நிறையும்.

கோயம்புத்தூர் டவுனில் பெரிய ஆலயங்கள் உண்டு. வந்த புதிதில் அக்காவும் நானும் போனோம். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. ஆனால் எங்கள் லைனுக்குப் பின்னால் ஒரு டீக்கடை மாடியில் பாய் விரித்து நடந்த சபையில், போன முதல் நாளே என் பெயரைக் கேட்டார்கள், காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், "ஏன் பிள்ள முகம் இப்படிப் பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்றும் கேட்டார்கள். நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை.

அங்கே பாஸ்டர் ஐயா முன்பு ஃபவுண்டரியில் மணல் அச்சு செய்துகொண்டிருந்தவர். எங்கள் பக்கத்து ஆள்தான். பிரசங்கத்துக்கு நடுவே இருமுவார், பழைய மணல் வருகிறது என்பார். கைதட்டிப் பாடி, சத்தமாக ஜெபிக்கிற கூட்டம். எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற கவலைச் சத்தத்தைவிடப் பெரிய சத்தம் அது ஒன்றுதான்.

அந்தச் சத்தம்தான் எங்களுக்கு வினையும். டீக்கடை மாடி முதலில் போனது. பிறகு ஒரு வீட்டு மொட்டைமாடி. அந்த வீட்டுப் பையன் பப்ளிக் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்ததால் அதுவும் போனது. யாரும் விரட்டவில்லை. கொங்கு நாட்டில் போகச் சொல்வதைக்கூட எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்! "தப்பா நெனச்சுக்காதீங்க, வேற எடம் பாத்துக்கிட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க." இரண்டு முறையும் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். இனி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது எங்களைக் கூப்பிட்டவர் தோட்டத்தம்மா. லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வீட்டு அம்மா. வாழையும் சோளமும் போட்டு, நாலு எருமை வைத்திருந்தார்கள். அக்கா அவரிடம்தான் பால் வாங்குவாள். ஒருநாள் பாலை ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏனம்மணி, ஞாயித்துக்கெழமை பாட்டுச் சத்தத்தையே காணோம்?"

"பாடுததுக்கு இடம் இல்லம்மா."

"எங்க சாளை சும்மாதான கெடக்குது. வந்து பாடுங்களேன்."

சாளை என்றால் தோட்டத்துக்குள் இருக்கும் கொட்டகை. பருத்தி போட்ட காலத்தில் பஞ்சு கொட்டி வைத்தது. அக்காவுக்கு நம்ப முடியவில்லை. "ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?" என்று கேட்டாள்.

"எங்கூட்டுக்காரரா? அவரு சொல்றத எருமைகூடக் கேக்காது. அதுவுமில்லாம ஆளு நடமாட்டம் இருந்தாப் பாம்பு அண்டாது கண்ணு."

அப்படித்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. கடவுள் காட்டிய தரிசனத்தால் கிடைத்தது என்று பின்னாளில் சாட்சி சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். பாம்பும் ஒரு காரணம்.

சாளைக்குப் போய் ஒரு வருஷம் ஆனபோது எனக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. எங்கள் சபையில் குழந்தைக்குத் தெளிப்பதை ஏற்கமாட்டார்கள். விவரம் தெரிந்தபிறகு, தானாகக் கேட்டு, முழுக்கத் தண்ணீருக்குள் முங்கி எழ வேண்டும். அதுவரைக்கும் எல்லாரையும் லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் பவானி ஆற்றுக்குக் கூட்டிப்போவார்கள். போன தடவை ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறி, வெள்ளைச் சேலையில் நின்ற ஒரு சகோதரியின் ஒற்றைச் செருப்பு போய்விட்டது. செருப்புதானே போனது என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்றிலிருந்து கனவில் ஆறு வந்தது.

நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அக்கா, "ஏட்டி, நீ முங்கப்போற தண்ணிக்கு இப்பமே ஏன் வெறைக்கே?" என்று திட்டினாள். திட்டியதோடு நிற்கவில்லை. பாஸ்டர் ஐயாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தோட்டத்தம்மாவிடம் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. கிணற்றடியில் மோட்டார் தண்ணீர் விழுகிற சிமெண்ட் தொட்டியை ஒரு காலை மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"குளிக்கறதுக்கா?"

"இல்லம்மா. ஞானஸ்நானம். இவ புதுசாப் பொறந்த மாதிரி."

தோட்டத்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "புள்ளைக்குச் சீருன்னு சொல்லு! அப்ப தாய்மாமன் யாரு வாராங்க?"

"மாமன் எல்லாம் ஊர்லதான். இங்க இவளுக்கு யாரு இருக்கா?" என்று அக்கா சிரித்தாள்.

"அது செரி" என்றார் அம்மா. கொஞ்சம் யோசித்தார். "வுடு, நான் பாத்துக்கறேன். சாமி காரியம்."

அவர் எதைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. தொட்டியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம்.

ஞாயிறு காலை எல்லாரும் சாளையில் கூடி, பாடிக்கொண்டே வரப்பில் நடந்து போனோம். நான் வெள்ளைச் சேலையில் முன்னால். குருடிமலை மேல் மேகம் இறங்கியிருந்தது. கிணற்றடி தெரிந்ததும் முன்னால் போனவர்களின் பாட்டு நின்றது. பின்னால் வந்தவர்கள் தெரியாமல் இன்னும் ஒரு அடி பாடிவிட்டு நிறுத்தினார்கள்.

மோட்டார் ரூம் கதவில் மாவிலைத் தோரணம். தொட்டியைச் சுற்றிச் சாணி தெளித்துப் பெரிய கோலம். விளிம்புக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர், அடர்ந்த மஞ்சள் தண்ணீர். அதன்மேல் செவ்வந்திப்பூ மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தோட்டத்தம்மா பட்டுச்சேலையில் நின்றார். கையில் ஒரு பெரிய தட்டு: அரக்குச் சிவப்பில் ஒரு புதுச்சேலை, கண்ணாடி வளையல், வெற்றிலை பாக்கு, தேங்காய், குங்குமச்சிமிழ், ஒரு பந்து மல்லிகை. அவர் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில், சீர் கொண்டுவந்த மாமன் மாதிரியே விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். மாமன் இல்லாத பிள்ளை என்று அவரே மாமன் வீடாக நின்றுவிட்டார்.

"பாசியெல்லாம் தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் கழுவிப்போட்டேனுங்க" என்றார் பாஸ்டர் ஐயாவைப் பார்த்து. "அழுக்குத் தண்ணில புள்ளைய எறக்குவமா? ராத்திரி மூணு பேஸ் கரண்டுலதான் மறுபடி நெறச்சோம்."

பிறகு மில் மேஸ்திரியாக இருந்த ஒரு பிரதர் பாஸ்டர் ஐயாவின் காதருகே போய்ச் சொன்னார், காது இருந்த எல்லாருக்கும் கேட்டது: "இதுக்குள்ள எப்படி இறங்குதது பாஸ்டர்? மஞ்சத்தண்ணி, பூ, குங்குமம்! இதெல்லாம் வேண்டாம்னுதான நாம வந்தோம்? லாரி சொல்லுதேன், பவானிக்கே போயிருவோம்."

அவர் கெட்டவர் இல்லை. இந்த வழக்கங்களை விட்டு வந்ததற்காக அவருடைய அண்ணன் தம்பிகள் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அப்பாவைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடவில்லை. அவ்வளவு கொடுத்துவிட்டு வந்தவருக்கு அந்த மஞ்சள் வெறும் மஞ்சளாகத் தெரியாது.

ஆனால் லாரி ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. பட்டுச்சேலை கட்டித் தட்டோடு நிற்கிற அம்மாவுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபிறகு, எந்த முகத்தோடு அடுத்த வாரம் சாளைக்கு வருவது? தண்ணீரை மாற்றிவிடலாம் என்றாலும் வழியில்லை. ராத்திரி முறை காலையோடு முடிந்து மூணு பேஸ் கரண்டு நின்றுபோயிருந்தது, மோட்டார் ஓடாது. எனக்கு ஞானஸ்நானம் நடக்குமா என்கிற பயம் எங்கோ பின்னால் போய்விட்டது. இந்த இடமும் போய்விடுமோ, மறுபடி பாயைச் சுருட்ட வேண்டுமோ என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. தோட்டத்தம்மாவின் சிரிப்பும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ பிசகிவிட்டது என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

பாஸ்டர் ஐயா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இறங்கப்போறது நீதான். உன் மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்தால் எனக்கு உள்ளே இருப்பதுதான் வெளியே வரும்.

"அடி தெரியலய்யா" என்றேன். "மஞ்சள்ல ஆழம் எவ்வளவுன்னே தெரியமாட்டேங்கு. முங்கிப்போயிட்டா?"

முதலில் சிரித்தது தோட்டத்துக்காரர்தான். பிறகு அக்கா. "முங்கத்தான்டி வந்திருக்கோம்" என்றாள். மேஸ்திரி பிரதர்கூட மேலே பார்த்துக்கொண்டார், மீசை ஆடியது.

"அட, இதுக்காகத்தான் எல்லாரும் இப்படி நிக்கறீங்களா?" என்றார் தோட்டத்தம்மா. தட்டை வீட்டுக்காரர் கையில் திணித்தார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துவைக்கிற கல்லில் ஏறித் தொட்டிக்குள் இறங்கிவிட்டார். தண்ணீர் அவர் இடுப்பில் நின்றது. "இந்தா பாரு கண்ணு, இவ்வளவுதான். வா, நான் புடிச்சுக்கறேன்" என்று கையை நீட்டினார். பட்டுச்சேலை மஞ்சளில் ஊறிக்கொண்டிருந்தது.

பாஸ்டர் ஐயா மேஸ்திரி பிரதரின் தோளில் கை வைத்தார். "நேத்து உம்ம வீட்டு மீன்குழம்புல கெடந்ததும் இதே மஞ்சள்தான் பிரதர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உமக்கு ஏன் வலிக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தம்மா எந்தச் சாமிக்கும் இதைச் செய்யல. நம்ம பிள்ளைக்குச் செஞ்சிருக்காவ" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

நானும் இறங்கினேன். ஒரு பக்கம் தோட்டத்தம்மா கையைப் பிடித்திருந்தார், மறுபக்கம் பாஸ்டர் ஐயா. சொல்ல வேண்டியதைச் சொல்லி அவர் என்னைப் பின்னால் சாய்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். காதில் தண்ணீர் புகுந்தது. அதற்குள் ஒரு சத்தமும் இல்லை. என் வாழ்க்கையில் கவலை முழுசாக நின்றுபோன நேரம் அந்த ஒரு மூச்சு நேரம்தான் என்று நினைக்கிறேன். எழுந்தபோது தலையில் ஒரு செவ்வந்திப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தம்மா, "நல்லாருப்பே கண்ணு" என்று அதை எடுத்துப்போட்டார். கரையில் பாட்டு ஆரம்பித்தது. மேஸ்திரி பிரதரின் குரலும் அதில் இருந்தது, வழக்கத்தைவிடச் சின்னதாக.

தட்டுதான் மிச்சம் இருந்தது. தோட்டத்தம்மா ஈரச்சேலையோடு மல்லிகைப் பந்தை எடுத்து என் தலைக்குக் கொண்டுவந்தார். பாதியில் கை நின்றது. எங்கள் பெண்கள் எல்லாருடைய தலையையும் ஒரு சுற்றுப் பார்த்தார், முதல்தடவையாகப் பார்ப்பது மாதிரி. "அட, நீங்க பூ வெக்கமாட்டீங்கல்ல! ஒரு வருசமாப் பாத்துக்கிட்டே இருக்கறேன், புத்தியில ஏறலை பாரு. ஏனம்மணி, நீயாவது சொல்லியிருக்கலாமல்ல?" என்று அக்காவைக் கேட்டார்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்மா."

"நான் கேக்கற ஆளா?" என்று மல்லிகையைத் தன் கொண்டையிலேயே சுற்றிக்கொண்டார். குங்குமச்சிமிழையும் வளையலையும் வெற்றிலை பாக்கையும் தட்டிலிருந்து எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். மிச்சத் தட்டை என் கையில் கொடுத்தார். புதுச்சேலையும் தேங்காயும். பாஸ்டர் ஐயா தலையசைத்தார். வாங்கிக்கொண்டேன். அந்தச் சேலையைத்தான் ஈரம் மாற்றிக் கட்டினேன்.

எல்லாருக்கும் ஒப்புட்டு சுட்டு வைத்திருந்தார். பருப்பும் வெல்லமும் வைத்து, நெய் சொட்டச் சொட்ட. மேஸ்திரி பிரதர் வாழைமரத்தடியில் தனியாக நின்றார். தோட்டத்துக்காரர் அவரிடம் இலையை நீட்டி, "இதுலயும் மஞ்சள் போட்டிருக்குதுங்க, பாத்துச் சாப்புடுங்க" என்றார். பிரதர் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு இலையை மறுபடி நீட்டினார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வழக்கம்போல் சாளையில் கூடினோம். யாரும் எங்களை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் தோட்டத்தம்மா பாஸ்டர் ஐயாவிடம் வந்தார். "அடுத்ததா யாரை முக்கறீங்க? முன்னாடியே சொல்லிப்போடுங்க, மஞ்சள் போடாம நெறச்சு வெக்கறேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதை மட்டும் விடவில்லை. துடியலூரிலிருந்தும் காரமடையிலிருந்தும் மற்ற சபைக்காரர்கள் கேள்விப்பட்டு வந்து கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தார். ஆற்றுக்குப் பயந்தவர்கள், லாரிக்கு வசதியில்லாதவர்கள், நடக்கமுடியாதவர்கள் எல்லாரும் அந்தத் தொட்டிக்கு வந்தார்கள். வந்தவர்களில் சிலர் பக்கத்திலேயே வீடு பார்த்தார்கள். கொஞ்ச வருஷம் கழித்து, வாழை போட்ட ஓரத்தை வீட்டு மனையாகப் பிரித்தபோது, தோட்டத்தம்மா புரோக்கரிடம், "மொதல்ல நம்ம பாட்டுக்காரங்களக் கேட்டுப்போட்டு, அப்பறம் மத்தவங்களுக்குக் காட்டுங்க" என்றாராம். புரோக்கரே வந்து சொன்னார். நான் இப்போது பாத்திரம் கழுவுகிற இந்த அடுப்படி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

பஸ்ஸில் அவர் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து பேசி இந்த ரோட்டைப் பிடிக்கவில்லை. வேலை ஒரு பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டது. வாடகை ஒழுங்காக வருகிறது என்று வீடு கிடைத்தது. அதற்கப்புறமும் இரண்டு தடவை பாயைச் சுருட்டினோம். மூன்றாவது தடவை சுருட்டாமல் இருந்ததற்குக் காரணம், எங்கள் நம்பிக்கையில் ஒன்றுகூட விளங்காத ஒரு அம்மா, எங்களுக்காக முதல்நாள் முழுக்கப் பாசி தேய்த்து, மறுநாள் பட்டுச்சேலையோடு தண்ணீரில் இறங்கி நின்றதுதான். மற்ற ரோடுகளிலும் சபைகள் இருக்கின்றன. அங்கேயும் யாராவது ஒருத்தர் எதையாவது கழுவி வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வெள்ளைச் சேலையை எத்தனை தடவை துவைத்தும் மஞ்சள் போகவில்லை. யாராவது பார்த்து ஏதாவது கேட்பார்களோ என்று கொஞ்ச நாள் கவலைப்பட்டேன். பிறகு அப்பமும் ரசமும் பரிமாறுகிற திருவிருந்து ஞாயிறுகளில் அதையே கட்டிக்கொண்டு போனேன். ஒருதடவை மேஸ்திரி பிரதர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் போகலையா?" என்று கேட்டார்.

"போகலை பிரதர்."

"சரி, இருக்கட்டும்" என்றார்.